கொட்டகைக் கரும்பலகை

பினாங்கில் கொடிமலைக்கு ஏறும் நடைபாதையில்
பாதிக்குச் சற்றுக் கீழே ஒரு தகரக் கொட்டகை.
தேநீர் இலவசம். உண்டியல் உண்டு.
ஏறுகிறவர்களுக்கு வானிலை எழுதிவைப்பது என் வேலை.
சம்பளம் கிடையாது, சாக்கட்டியும் என் காசு.

புதன்.
வானொலி சொன்னதை அப்படியே எழுதினேன்:
பிற்பகலில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை.
ஆண்டு முழுக்க அது சொல்வது இதைத்தான்.
அந்த ஓரிரு இடங்களில் ஒன்று
எப்போதும் நாங்கள்.
தியோ பெங் ஹுவாட் கெண்டியை இறக்கிவிட்டு
கடலுக்கு அப்பால் கண்ணைச் சுருக்கினார்.
பட்டர்வொர்த் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
ஏழு வரை எண்ண முடிந்தது.
"ஏழு தெரியுது. மூணு மணி வரைக்கும் நடக்கலாம்."
இரண்டு ஐம்பதுக்குக் கொட்டியது.
அந்தப் பத்து நிமிடத்துக்காக
நனைந்து வந்த ஒவ்வொருவரிடமும்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

வியாழன்.
கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு, வானம்.
தண்ணீர்மலைக் கோயில் மணி
பக்கத்து வீட்டில் அடிப்பதுபோல் கேட்டது.
சந்தோஷத்தில் பெரிதாக எழுதினேன்:
தெளிவு.
அந்த ஒரு சொல்லை நம்பி
எத்தனை பேர் மேலே போனார்கள்!
அஞ்சலகத்து குணாளன்
இன்றைக்கு இது எதற்கு என்று
கைத்தடியைத் தூணில் சாய்த்துவிட்டுப் போனார்.
பதினொரு மணிக்கு
இரண்டு பையன்கள் தோள்கொடுத்து இறக்கினார்கள்.
கணுக்கால், ஒட்டு மாங்காய் பருமன்.
நேற்றைய மழை பாதையில்தான் இருந்திருக்கிறது,
இலைக்கு அடியில்.
யாரும் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

வெள்ளி.
மேகம் மேலே இருப்பது என்று யார் சொன்னது?
உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தது.
பிஸ்கட் நமத்துப்போயிற்று.
மூன்றடிக்கு அப்பால் யாரோ "சிலாமாட் பாகி" என்றார்.
வணக்கம் என்றேன்.
குரல் மட்டும் வளைவைக் கடந்து போனது.
பதிவேட்டில் ஆறு பேர் ஏறியிருந்தார்கள்,
ஏழு பேர் இறங்கினார்கள்.
ஒருவர் ரயிலில் மேலே போயிருக்கலாம்.
போயிருக்கலாம்தான்.
பலகையில் மூடுபனி என்று எழுதிவிட்டு
ஏழாவது ஆளைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

சனி, மழை.
தியோ வரவில்லை.
குரங்கு ஒன்று சர்க்கரை டப்பாவைத் திறக்கப் பார்த்து
முடியாமல்
எனக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்து
மழையைப் பார்த்தது.
எழுதியதை எழுத எழுதச் சாரல் அழித்தது.
படிக்கவும் ஆளில்லை.

ஞாயிறு காலை குணாளன் போனில் அழைத்தார்.
காலைத் தலையணைமேல் வைத்திருக்கிறாராம்.
"ஒங்க பலகை பொய் சொல்லல.
வானம் தெளிவாத்தான் இருந்துச்சு.
நான் அதத்தானே பாத்துக்கிட்டு நடந்தேன்.
தடி பத்திரமா இருக்கா?"
இருக்கிறது என்றேன்.

சாக்கட்டி கூழாகிக் கிடந்தது.
வாளியில் விரலை நனைத்துப்
பலகையில் எழுதினேன்.
வானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
மூன்றாம் வளைவில் பாசி.
அதற்கு மேல் மூங்கில் சாய்ந்திருக்கிறது, குனியவும்.
இடப்பக்க வேரைப் பிடிக்க வேண்டாம், ஆடுகிறது.
விடியலில் நானே போய்
மிதித்துப் பார்த்துவிட்டு வந்தவை.

தியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
வெயில் நாளில் ஈர எழுத்து
தேநீர் ஆறுவதற்குள் காய்ந்துவிடும்.
எட்டே கால். எட்டரை.
ஒன்பதுக்கும் பாசி என்ற சொல்
பளபளவென்று அப்படியே நின்றது.

ஏறி வந்த ஒரு பெண்
அதைத் தொட்டுப் பார்த்தாள்.
விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு,
ஒன்றும் கேட்காமல்
தூணில் சாய்ந்திருந்த தடியை எடுத்து
நடந்தாள்.